"அணைக்காத அத்த"

அத்தை, இன்று காலை ஐஸ் வண்டிக்காரன் நம் சாந்தோம் தெருவில் நனைந்த கோணியை உதறினான். அந்த வாடை மூக்கில் ஏறியதும் அடுப்படிக்கு ஓடி, தணல் ஏதும் மிச்சமிருக்கிறதா என்று கிளறிப் பார்த்தேன். விடிந்ததிலிருந்து இது மூன்றாவது தடவை. வீட்டுக்காரர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பையும் நான் முழுதாக நம்புவதில்லை.

குப்பம் எரிந்த மத்தியானம் எனக்கு ஆறு வயது. ஆண்கள் ஈரக் கோணியால் கூரைகளை அடித்து, "அணை, அணை" என்று கத்தினார்கள். பயந்துபோய் அம்மாவிடம் குடிசைக்குள் ஓடினேன். அதற்குப் பிறகு எதுவும் நினைவில்லை. கண் விழித்தபோது உன் வீட்டில் கிடந்தேன். அம்மா இல்லை. அப்பாவைக் கடல் முன்பே கொண்டுபோயிருந்தது. அவருடைய அக்கா நீ, மாதா கோயில் துணிகளை வெளுத்துப் பிழைத்தவள், என் எதிரே உட்கார்ந்திருந்தாய். உன் முந்தானை கருகியிருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கொளுத்தியவள் நீதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து உன் கையைவிட்டு என் கண் நகரவில்லை. நீ தீக்குச்சி கிழித்தால் நான் வாசலில் நிற்பேன். ஒருநாள் தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். கண்டுபிடித்தாய், திட்டவில்லை. திட்டாததுதான் இன்னும் பெரிய சந்தேகமாக இருந்தது.

அப்புறம் ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவிடம் நீ சொன்னது காதில் விழுந்தது.

"கொயந்த தூக்கத்துல அலறிக்கினே கீது. நல்லா அணைச்சா அடங்கிடும்."

எனக்குத் தெரிந்த அணைப்பு ஒன்றுதான். ஈரக் கோணியால் அடித்து, மிதித்து, மூச்சு நிற்கும்வரை. நீ உள்ளே வந்து கையை நீட்டியபோது சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"என்ன அணைக்காத அத்த."

நீட்டிய கை அப்படியே நின்றது. "சரி கண்ணு, அணைக்கல" என்றாய்.

சொன்ன சொல் தவறவில்லை நீ. பத்து வருஷம் சோறு போட்டாய், தலை வாரினாய், காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாய். ஒருநாளும் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. நம் பாய்களுக்கு நடுவே எப்போதும் ஒரு முழம் இடைவெளி. நான் பயப்படக் கூடாதென்று தலைமாட்டில் ஒரு குடம் தண்ணீர் வைத்தாய். அதற்குள் என்ன இருக்கிறது என்று முகர்ந்து பார்த்தேன், பாழாய்ப்போன புத்தி.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றுதான் பக்கத்து வீட்டு அக்கா வாயைத் திறந்தாள். எரிகிற குடிசைக்குள் நுழைந்து, மயங்கிக் கிடந்த என்னை முந்தானையில் சுற்றி, மாரோடு அணைத்துத் தூக்கி வந்தாயாம். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நீ சொன்னது வேறு, நான் பயந்தது வேறு. என்னிடம் யாருமே சொல்லவில்லையே என்று அவளிடம் சண்டை போட்டேன். நீதான் சொல்லக் கூடாது என்றாயாம், குழந்தைக்கு நெருப்பு ஞாபகம் வரும் என்று.

என் மகளுக்கு இப்போது மூன்று வயது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வருவாள். "கட்டிக்கோ" என்றுதான் அவளிடம் சொல்கிறேன். அந்த இன்னொரு சொல்லை எனக்கு இன்னும் நம்பத் தெரியவில்லை. உன்னிடம் மட்டும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

என்ன அணைச்சுக்கோ அத்த.