என் சண்டைக்கார அண்ணனுக்கு

அண்ணே,

இன்று காலை வகுப்பில், பாடத்தின் நடுவே ‘பெலிஜரன்ட்’ என்ற சொல் வந்தது. சண்டைக்கு முந்திக்கொண்டு நிற்கிறவரைச் சொல்வது என்று கரும்பலகையில் எழுதப் போனேன். பாதியில் கை நின்றுவிட்டது. பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள். எனக்கு நீதான் கண்முன் நின்றாய்.

பேரையூர் பஸ் தாமதமாக வந்ததற்கு என் மகள் செல்வியைப் பள்ளிக்கூடத்தில் வெயிலில் நிற்கவைத்தார்களே, அன்றைக்குத்தான் இந்தச் சொல் நம் வீட்டுக்கு வந்தது. கேள்விப்பட்டதும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாய். அங்கே பெரிய டீச்சர் உன்னை இப்படித் திட்டியிருக்கிறார். திட்டு என்று புரிந்தது, என்ன திட்டு என்று புரியவில்லை. நேரே என்னிடம் வந்து அர்த்தம் கேட்டாய். டீச்சர் புத்தி, நானும் ஆதியிலிருந்து ஆரம்பித்தேன். லத்தீனில் ‘பெல்லும்’ என்றால் போர், ‘கெரேரே’ என்றால் சுமப்பது, நடத்துவது. இரண்டும் சேர்ந்தால் போரைச் சுமந்து திரிகிறவன் என்றேன்.

நீ சிரித்தாய். “போரையா ஆத்தா சொமக்குறேன்? ஒங்க எல்லாரையும்ல சொமந்துக்கிட்டுத் திரியிறேன்.”

உன் வாய்க்குப் பயந்து ஊரே ஒதுங்கும். அந்த வாய் இருக்கிற தைரியத்தில் நான் வாயைத் திறக்காமலே இத்தனை காலம் ஓட்டிவிட்டேன்.

இப்போது செல்விக்கு எழுமலையில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். கல்லூரி இன்னும் முடியவில்லை. பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறாள். படிப்பு முடியட்டும் என்று வீட்டுக்காரரிடம் கெஞ்சிப் பார்த்தேன். தாய்மாமன் சம்மதம் இல்லாமல் நம்மில் தட்டு மாற்றுவதில்லையே என்றும் சொன்னேன். அதற்கு அவருடைய அண்ணன் சொன்னார்: “இருந்தா கேக்கலாம். இல்லாத ஆளுகிட்ட எப்பிடிக் கேக்க?”

பதில் சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. ஒரு சொல்லின் வேர் தெரிந்து என்ன செய்ய, எனக்குச் சண்டை தெரியாதே. நீ செத்திருக்கக் கூடாது அண்ணே. இந்த ஒரு காரியத்துக்காவது இருந்திருக்கலாம்.

நாளைக்குத் தட்டு மாற்றுகிறார்கள். உன் இடத்தில் பேருக்கு ஒரு பங்காளியை உட்காரவைக்கப் போகிறார்களாம். அவர் தட்டைத் தொட்டுக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அவருக்கு முன்னால் போய் ஜமுக்காளத்தில் அந்த இடத்தில் நான் உட்கார்ந்துவிடப் போகிறேன். தட்டைத் தொடமாட்டேன். என்ன பேசுவதென்று இன்னமும் தெரியவில்லை. கட்டாயம் அழுவேன். எழுந்திருக்க மாட்டேன்.