குழியின் மேற்குச் சுவரைப் பூசாதிருக்க வேண்டி

அனுப்புநர்
குழி வெட்டியுள்ள மலையடி நிலத்தின் சொந்தக்காரி,
அந்தக் குழியை ஆராயும் பெண்ணின் பாட்டி (அம்மாவைப் பெற்றவள்).

பெறுநர்
பொறியாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், மாடி.

பொருள்: வெள்ளிக்கிழமை நடக்கவுள்ள சிமெண்டுப் பூச்சை நிறுத்தக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். என் பேத்தி அதற்கு மேலும் பதினேழு வருடம் படித்து, பழைய காலத்து நிலநடுக்கங்களை ஆராய்கிறாள். அவள் படித்த தமிழில் தங்களுக்கு எழுதியதால்தான் இந்தக் குழப்பம். ஆகவே இம்முறை நான் எழுதுகிறேன்.

1. புதுப் பள்ளிக்கூடம் கட்டச் சுண்ணாம்புக் கோடு போட்ட இடத்திலிருந்து என் நிலம் அறுபது அடி. அந்த இடம் பள்ளிக்கூடத்தைத் தாங்குமா என்று பார்த்துச் சொல்லும்படி அவளைக் கேட்டதே தங்கள் அலுவலகம்தான். அதற்காகத்தான் ஆள் உயரத்துக்குமேல் ஆழமாக, நீளவாக்கில் ஒரு குழி வெட்டினாள்.

2. குழியின் பக்கங்களை அவர்கள் தொழிலில் சுவர் என்பார்கள். அது வெறும் மண். அதில் அடுக்கடுக்காக ஏழு மண் தெரிகிறது. அடியிலிருந்து ஐந்து அடுக்கைக் கிழித்துக்கொண்டு ஒரு விரிசல் ஏறி, ஆறாவதைத் தொடாமல் நின்றுவிடுகிறது. அப்படியானால் ஐந்தாவது படிந்த பிறகு, ஆறாவது படிவதற்கு முன்பு பூமி குலுங்கியிருக்கிறது. இரண்டிலும் உள்ள கரித்துண்டைச் சோதித்தால் எப்போது என்று தெரியும். மலைமேல் ஆற்றுக் கூழாங்கல் கிடக்கிறது. ஆறு மேலே ஏறிப் போய் வைக்கவில்லை. ஒவ்வொரு குலுக்கலிலும் மலைதான் பழைய ஆற்றங்கரையையும் தூக்கிக்கொண்டு எழுந்திருக்கிறது. இதை எனக்கு ஒருமுறைதான் சொன்னாள். புரிந்துவிட்டது.

3. “சுவரில் விரிசல் காணப்படுகிறது, உடனே பார்வையிடவும்” என்று அவள் தங்களுக்கு எழுதினாள். தாங்கள் வரவில்லை. திங்கட்கிழமை அவள் ஆய்வுக்கூடம் போயிருந்த நேரத்தில் கொத்தனார் வந்தார். கிழக்குச் சுவர் முழுவதையும் சிமெண்டால் பூசினார். அடையாளத்துக்கு அவள் அடித்திருந்த ஆணிகளையும் சீட்டுகளையும் ஒன்றுவிடாமல் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தார். “இனிமே நூறு வருஷத்துக்கு விரிசல் வராது பாட்டி, நான் கேரண்டி” என்றார். வேலையில் குறை சொல்ல முடியாது. கண்ணாடி மாதிரி இருக்கிறது.

4. பேத்தி வந்து பார்த்தாள். குழிக்குள் இறங்கி, பூச்சைக் கையால் தடவிவிட்டு, “நல்லா பூசியிருக்காரு” என்றாள். அன்று சாப்பிடவில்லை. சுரண்டினால் சிமெண்டோடு மண்ணும் சேர்ந்து வந்துவிடும் என்கிறாள்.

5. மறுநாள் நான் அலுவலகம் வந்தேன். கீழ்த்தள மேற்பார்வையாளர், “விரிசல்னு எழுதினதும் நீங்க, இப்ப ஏன் அடைச்சீங்கன்னு கேக்கறதும் நீங்க. நாங்க என்னதாம்மா பண்றது?” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உத்தரவில் இரண்டு சுவர் என்று இருப்பதால் இரண்டையும் முடித்தாக வேண்டுமாம்.

6. மேற்குச் சுவர் ஒன்றுதான் மிச்சம். அதன் கரித்துண்டுகளை இன்னும் எடுக்கவில்லை. விரிசல் வளைகிற திசை சுண்ணாம்புக் கோட்டை நோக்கித்தான். அதற்குக் கீழே போகிறதா, விலகிப் போகிறதா என்பதை அந்தச் சுவர்தான் சொல்லும். பள்ளியில் முந்நூறு பிள்ளைகள் உட்காரப் போகிறார்கள்.

ஆகவே பூச்சு உத்தரவை ரத்து செய்து, பத்து நாள் அவகாசம் தந்து, தாங்களே நேரில் வந்து குழியைப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். ஏணி நான் பிடித்துக்கொள்கிறேன். உத்தரவு வராவிட்டால் வெள்ளிக்கிழமை காலை முதல் மேற்குச் சுவரை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். கொத்தனார் நல்ல மனிதர். என்னையும் சேர்த்துப் பூசமாட்டார்.

தங்கள் கோப்பில் “விரிசல் சரிசெய்யப்பட்டது” என்று எழுதி மூடியிருப்பதை மேற்பார்வையாளர் காட்டினார். தயவுசெய்து அதை அடித்துவிட்டு, “விரிசல் இருக்கிறது” என்று எழுதித் தாங்களே கையெழுத்திட வேண்டும்.

நாள்: புதன்கிழமை
இடம்: மேற்படி குழியோரம்

இப்படிக்கு,
(கையெழுத்து, கைநாட்டு அல்ல)
மேற்படி பாட்டி