இழை சேருமுன் பேசிவிட்டேன்

மார்கழி, வெள்ளிக்கிழமை ராத்திரி.

இன்னிக்கு விடியக்காலையில் மாடம்பாக்கம் சிவன் கோயில் வாசலில் பதினைந்து புள்ளிச் சிக்குக் கோலம் போட்டேன். ஆரம்பித்த இடத்தில் இழை வந்து சேரும்வரை நான் வாய் திறக்க மாட்டேன். அந்த அரை மணி நேரம் முட்டிவலி தெரியாது, போய்ச் சேர்ந்த மனுஷன் ஞாபகம்கூட வராது. எனக்குச் சாமி கும்பிடுவது அதுதான்.

பாதியில் ஒரு பொண்ணு செல்போனை மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். "ஆன்ட்டி, இவ்ளோ மௌனமா போடுறீங்களே, அதைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க." மௌனத்தைப் பற்றி வார்த்தை வேணுமாம், சனியன்!

இழை தப்பிவிட்டது. மூன்று புள்ளி வெளியே நின்றது.

"விடுங்க அத்தை, யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் கூட வந்திருந்த மருமகள்.

"எனக்குத் தெரியுதேடி!"

தண்ணி ஊற்றி அழித்தேன். திரும்ப உட்கார்ந்தால் மனசு அடங்கவே இல்லை. ஏதோ நாலு புள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அப்போதிலிருந்து அந்தப் பொண்ணைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன். அவள் கேட்க மட்டும்தான் செய்தாள். முந்தானையைச் சரி செய்துகொண்டு, சிரித்துச் சிரித்துப் பத்து நிமிஷம் பேசினது நான்தான். சாயங்காலம் பேத்தி அந்த வீடியோவைக் காட்டினாள். நன்றாகத்தான் பேசியிருக்கிறேன். மூன்று தடவை பார்த்தேன்.