சோம்பேறிக் கொடியின் பிள்ளை

இன்று காலை பச்சை மிளகு ஒன்றை நகத்தால் கிள்ளினேன். குளித்த பிறகும் விரலில் அந்த வாசனை போகவில்லை. முதலில் எலுமிச்சைத் தோலின் வாடை, அதற்குப் பின்னால்தான் காரம். இந்த வரிசை சோம்பேறிக் கொடியின் குணம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் நான் கிள்ளியது சோம்பேறியின் மிளகு அல்ல, அதன் பிள்ளையின் மிளகு. அதைச் சொல்லத்தான், டிரசரையா, உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். படிக்க நீங்கள் இல்லை. இருந்தாலும் உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இரண்டு ஆண்டுக்கு முன் எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். மலாக்காவுக்குப் பக்கத்து அலோர் காஜாவில், கடைத்தெரு முடிந்து சாலை வளைகிற இடத்தில், பின்பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிற வீடாகப் பார்த்துக் குடிவந்திருக்கிறேன். பள்ளிக்கூட மணி கேட்காத காலைகள் எனக்கு இன்னும் பழகவில்லை. அந்த நேரத்தில் கொடிகளைச் சுற்றி நடக்கிறேன். வருகைப் பட்டியல் படிப்பதைப் போல ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பார்க்கிறேன். பதில் சொல்லாத மாணவர்கள், ஆனால் ஒருவரும் வகுப்புக்கு வராமல் இருப்பதில்லை.

ரப்பர் விலை விழுந்த காலத்தில்தானே இதெல்லாம் தொடங்கியது? தோட்டத்தில் வேலை பாதியாகக் குறைந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருந்த வெற்று நிலத்தில் எதையாவது பயிரிட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஆளாளுக்கு முள்முருங்கை நட்டு அதில் மிளகைப் படரவிட்டார்கள். கொடி எங்கெங்கிருந்தோ வந்தது. ஒன்று மலாய்க் கிராமத்துப் பாக்கு மரத்திலிருந்து, ஒன்று யாரோ கைவிட்டுப்போன சீனர் தோட்டத்திலிருந்து, ஒன்று ஊருக்குப் போய் வந்தவரின் ஈரச் சாக்கில். அவற்றில் நீளமாகச் சரம் விடும் கொடி ஒன்று இருந்தது. அது காய்த்ததைப் பார்த்ததும் எல்லோரும் மற்றதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதையே நட்டார்கள். பெருஞ்சரம் என்று அதற்குப் பெயரும் வந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துவந்த நீங்கள் மட்டும், எறிந்ததையெல்லாம் பொறுக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நட்டீர்கள். வகைக்கு ஒன்று, பெருஞ்சரத்திலும் ஒன்று. மருந்துப் புட்டியில் ஒட்டுகிற சீட்டைத் தகரத்தில் ஒட்டி ஒவ்வொரு மரத்திலும் தொங்கவிட்டீர்கள். புல்வெட்டும் பெண்களுக்குத் தலைவியான பச்சையம்மா ஒருநாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

"என்னங்க டிரசரையா, கொடிக்கெல்லாம் வார்டு போட்டுருக்கீங்க? எதுக்குக் காய்ச்சல், எதுக்குக் கழிச்சல்?"

"ஒண்டுக்கும் நோய்வருத்தம் இல்லை பச்சையம்மா. வந்தால் உன்னைத்தான் நர்சா வைக்கப்போறன்."

அவள் ஓரத்துக் கொடியைக் காட்டினாள். இலை நிறைய, சரம் கட்டை விரல் நீளம். "இது ஒண்ணு போதும்யா. நல்லாத் திங்குது, வேல செய்ய மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரரு மாதிரி சோம்பேறி." அன்றிலிருந்து அதன் தகரத்தில் சோம்பேறி என்றே எழுதினீர்கள்.

நானும் உங்களைக் கேலி செய்திருக்கிறேன். ஆனால் எல்லோரும் ஒரே கொடியை நட்டதில் எனக்கும் உள்ளூரப் பயம் இருந்தது. ஒரே ஒரு பாடத்தை மட்டும் நன்றாகப் படித்துவிட்டுப் பரீட்சைக்கு வரும் பையனை எனக்குத் தெரியும். அந்தப் பாடத்தில் கேள்வி வந்தால் அவன்தான் முதல். வராவிட்டால் வெறும் தாளைக் கொடுத்துவிட்டுப் போவான்.

அடுத்த பெருமழையில் கேள்வி வேறு பாடத்திலிருந்து வந்தது. இலைகள் கறுத்தன. கணுக்கணுவாகக் கொடி கழன்று விழுந்தது. அடித்தண்டைத் தொட்டால் சொதசொதவென்று கைக்கு வந்தது. லயத்துப் பெருஞ்சரம் முழுவதும் போயிற்று. உங்கள் ஆஸ்பத்திரிக் கொடிகளிலும் பாதி போயிற்று. சோம்பேறி மட்டும் ஒரு புள்ளிகூட இல்லாமல், தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்துப் புதரில் பச்சையாக நின்றது. அந்த வகையில் அப்போது எங்கள் பக்கம் மிஞ்சியது அந்த ஒரு கொடிதான்.

நான் துள்ளினேன். மருந்து கிடைத்துவிட்டது, இனி இதைப் பத்திரமாக வேலி கட்டி வைப்போம் என்றேன். நீங்கள் துள்ளவில்லை. சிக்கலான நோயாளியைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"மாஸ்டர், லயத்தில ஒருத்தனுக்கு மட்டும் மலேரியா வரேல்லை எண்டு வையுங்கோ. அவன்ர உடம்பு பலமோ, இல்லாட்டி அவன் மட்டும் கொசுவலைக்குள்ள படுத்தவனோ? வலையக் கழட்டாமல் எப்பிடிச் சொல்லுறது?"

நீங்கள் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. ரப்பர்த் தோட்டத்து மக்களுக்கு மரத்தடியில் வெறும் மண் கண்ணில் பட வேண்டும். மரத்தடியில் ஒரு புல் இருந்தால் கங்காணி திட்டுவார். அந்தப் பழக்கத்தில் மிளகின் அடியையும் தினமும் சங்குல் என்கிற மண்வெட்டியால் கொத்திச் சுத்தம் செய்தார்கள். வேர் காயப்பட்டது. வெறும் மண்ணில் மழை அடித்து, சேறு தெறித்து, ஒன்றின் அழுகல் அடுத்ததற்குப் போயிற்று. சோம்பேறியின் அடியிலோ சங்குலே படவில்லை. புல்தான் அதற்குக் கொசுவலை. அது பிழைத்தது தன் பலத்தால்தானா, புல்லாலா?

அழுகிய மண்ணில் நட்டுப் பார்க்க வேண்டும் என்றீர்கள். அதற்குக் கொடியில் பாதியையாவது வெட்ட வேண்டும். இருப்பது ஒன்றே ஒன்று, வெட்டிய காயத்தில் அதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்றேன். கேட்டுப் பார்க்காமல் வைத்திருந்து என்ன பயன் என்றீர்கள். மாலைதோறும் இதே வாக்குவாதம்தான். ஒருநாள் கோபத்தில் தேநீரைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் நீங்கள் மருந்து வாங்க மலாக்காவுக்குப் போனீர்கள்.

அன்று மாலை பள்ளிக்கூடம் விட்டு அந்தப் பக்கம் வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீர்த்தொட்டிப் பக்கம் புதரே இல்லை. மண் செக்கச்செவேலென்று கழுவிவிட்ட முற்றம்போல் கிடந்தது. சோம்பேறி நடுவில் தனியாக நின்றது. அதன் அடியில் தரையோடு ஓடியிருந்த கொடிகளெல்லாம் புல்லோடு புல்லாக ஓரத்தில் குவிந்திருந்தன. பச்சையம்மா சங்குலைத் தொட்டியில் கழுவிக்கொண்டிருந்தாள். காலையில் அழுகிய கொடிகளைத் தோண்டி எடுத்த அதே சங்குல்.

"பெரிய டாக்டரு வர்றாராமே. ஐயா ஊருல இல்ல, எடம் காடா கெடக்குது. ஐயாவுக்கு ஏச்சு வரக் கூடாதுன்னு நாங்களே செஞ்சுட்டோம். கூலி வேணாம்" என்றாள், முகமெல்லாம் மலர்ச்சியாக.

குவியலை நோக்கி நடந்தேன். அதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள். பெட்டியைக் கீழே வைத்தீர்கள். மண்ணைப் பார்த்தீர்கள், குவியலைப் பார்த்தீர்கள். பச்சையம்மாவின் முகம் மெல்ல வாடியது.

"தப்பாச் செஞ்சுட்டனா? பள்ளிக்கூடத்துல குப்பை கெடந்தா வாத்தியாரு பெருக்கச் சொல்ல மாட்டாரா?"

நீங்கள் சத்தம் போடுவீர்கள் என்று நினைத்தேன். குவியலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு கொடியை உருவி எடுத்து, கணுவில் விட்டிருந்த சின்ன வேர்களைத் தடவினீர்கள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

"மாஸ்டர், வலையக் கழட்டிப்போட்டாள். வெட்டுறதோ விடுறதோ எண்டு சண்டை பிடிச்சமே, வெட்டியும் தந்திட்டாள். பச்சையம்மா, ஓடு, ஈரச் சாக்குக் கொண்டா. வாடுறதுக்கு முதல் எடுக்கோணும்."

வெயில் இறங்குவதற்குள் மூவரும் கணுக்கணுவாக நறுக்கினோம். தரையில் ஓடும் கொடியைக் களை என்றே அதுவரை எல்லோரும் எறிந்திருந்தார்கள். புதுக்கொடி வருவதே அதிலிருந்துதான். பாதியை வேர்பிடிக்க நிழலில் வைத்தோம். பாதி லயத்துக்குப் போயிற்று, பெருஞ்சரம் செத்த அதே குழிகளுக்கு. யாரும் முதலில் வாங்கவில்லை. "காய்க்காத சனியனை வச்சு என்னா செய்யறது?" என்றார்கள். பச்சையம்மாதான் வீடுவீடாகப் போய், "டிரசரையா மருந்து குடுத்தா கசக்குதுன்னு துப்புவீங்களா? நட்டு வைங்க" என்று நட வைத்தாள்.

மழை வந்தது. பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையில் அது அடிக்கும்போதெல்லாம் பாடத்தில் எனக்கு மனம் நிற்கவில்லை. தாய்க்கொடியில் ஒரு பக்கம் இலைகள் கறுத்தன. ஒவ்வொரு மாலையும் நாம் இருவரும் போய் நின்று பார்த்துவிட்டு வந்தோம். பிறகு கறுப்பு மேலே ஏறாமல் நின்றது. கீழிருந்து புதுத்தளிர் வந்தது. லயத்தில் சில போயின, பெரும்பாலானவை நின்றன. சங்குல் படாத வீடுகளில் இன்னும் நன்றாக நின்றன. அப்படியானால் கொடியும் பலம், வலையும் தேவை என்றீர்கள். அதற்குப் பிறகு பச்சையம்மா செய்த பிரசாரத்துக்கு எல்லையே இல்லை. "கொடி அடியில எவளாவது கொத்துனா கைய ஒடிப்பேன்" என்று ஊரையே மிரட்டினாள்.

ஆனாலும் சோம்பேறி சோம்பேறிதான். சாகவில்லை, காய்க்கவும் இல்லை. அப்போதுதான் தொண்டைப்புண்ணுக்கு மருந்து தடவும் தூரிகைகளில் புதிதாக ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பிழைத்திருந்த ஒரே பெருஞ்சரத்தின் பூந்தாதை ஈரத்தூரிகையில் எடுத்து, சோம்பேறியின் இளஞ்சரங்களில் தடவி, மெழுகுக் காகிதத்தால் உறை போட்டுக் கட்டினீர்கள். பச்சையம்மா வாயைப் பொத்திக்கொண்டு, "கல்யாணத்துக்குத் தாம்பூலம் உண்டாய்யா?" என்றாள். பழுத்த மணிகளைப் பால் டின்களில் விதைத்தோம்.

முளைத்தவை இரண்டு இலை விடுவதைப் பார்த்தீர்கள். அதற்குள் இருமல் உங்களைப் படுக்கவைத்துவிட்டது. கடைசியாக நான் வந்து பார்த்தபோது நீங்கள் கேட்டது அவற்றைப் பற்றித்தான்.

"விதையில வாறது எல்லாம் ஒண்டு மாதிரி இராது மாஸ்டர். ஒரு வீட்டுப் பிள்ளையள் மாதிரி வேற வேற. வடிவில்லை எண்டு ஒண்டையும் எறிஞ்சு போடாதேங்கோ."

எறியவில்லை. இடம் மாறியபோதெல்லாம் டின்களையும், சோம்பேறியில் வெட்டிய ஒரு துண்டையும் கூடவே தூக்கிக்கொண்டு போனேன். சில தாமாகப் போயின. சில கொடியாகி இலை மட்டுமே விட்டன. ஒன்று இந்த ஆண்டு சரம் விட்டிருக்கிறது. பெருஞ்சரத்தின் நீளம் இல்லை, ஆனால் சோம்பேறி வெட்கப்படும் நீளம். அதை இங்கே வந்ததும், முன்பு இருந்தவர்களின் கொடி அழுகிய மூலையில், வேண்டுமென்றேதான் நட்டிருந்தேன். இரண்டு மழை பார்த்துவிட்டது. இன்னும் பல மழை பார்க்க வேண்டும். அவசரப்பட்டு நல்ல பெயர் வைக்க மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியுமே.

நேற்று பச்சையம்மா பேத்தி வீட்டுக்குப் போகிற வழியில் வந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. பிள்ளைக்கொடியின் சரத்தை உள்ளங்கையில் தாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு வேலியோரத்தில் நிற்கும் தாயைக் காட்டி, "புள்ள தலையெடுத்திருச்சே வாத்தியாரய்யா. இனி இந்தக் கெழட்டுச் சோம்பேறி எதுக்கு எடத்த அடைச்சுக்கிட்டு?" என்றாள்.

"அடுத்த தடவை வர்ற நோய் என்ன நோய்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"எனக்கும் தெரியாது. அதுக்குத்தான்."

அவள் தாய்க்கொடியிடம் போனாள். பிறகு குனிந்து, சோம்பேறியின் அடியில் தரையோடு ஓடிய கொடி ஒன்றைக் கணு நசுங்காமல் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பிள்ளையிலும் ஒன்று எடுத்துக்கொண்டாள். பேத்தி வீட்டில் இரண்டையும் நடப்போகிறாளாம்.

அவள் போன பிறகு, கொடிகளின் அடியில் வளர்ந்திருந்த புல்லைப் பார்த்தேன். பிடுங்கிவிடக் கை பரபரத்தது. டிரசரையா, உங்கள் வலையை நான் கழற்றவில்லை.