மூன்று பேருக்கான படகு

5 ஜனவரி 2025, ஞாயிறு

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அறிவியல் நோட்டின் அட்டையைக் கழற்றி இதற்குப் போட்டிருக்கிறேன். யாராவது பார்த்தால் படிக்கிறேன் என்று நினைக்கட்டும்.

சுசித்ரா அக்கா மத்தியானம் பேசினாள். தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. லீவு நாளில் அவள் கடலுக்கு அடியில் போய் மீன் பார்க்கிறாள் என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். முதுகில் காற்று சிலிண்டர், வாயில் குழாய், நாற்பது அடி ஆழம். ஸ்கூபா என்று பெயர். வேலைக்காக இல்லை, பிடித்திருக்கிறது, அதனால். சான்றிதழ்கூட வாங்கிவிட்டாள். போடியில் இருந்தவரை கண்மாயில் கால் நனைக்காதவள்! நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

அப்பாவுக்குத் தெரிந்தால் மறுநாளே போய்க் கூட்டி வந்துவிடுவார். வேலையும் போகும், கடலும் போகும்.

இன்று அவள் சொன்னது வேறு. அவளும், கூட வேலை பார்க்கும் தேவியும், பயிற்சி தரும் அருள்மொழி அக்காவும் சேர்ந்து சொந்தமாக காற்றடித்து உப்பவைக்கும் படகு ஒன்று வாங்கப் போகிறார்கள். ரெண்டு பேர் கீழே போக, ஒருத்தர் படகிலேயே இருப்பார்.

“எது வாங்குறதுன்னு நீதான் சொல்லணும் பவா.”

“நானா? நான் கடலையே பாத்ததில்லக்கா.”

“எத எங்க வச்சா அடங்கும்னு உன்னவிட யாருக்குடி தெரியும்?”

அது உண்மைதான். எஸ்டேட்டுக்குக் கூலியாட்களை ஏற்றிப் போகும் அப்பாவின் ஜீப்பில், மேல் கேரியரில் சாமான் அடுக்குவது ஐந்தாம் வகுப்பிலிருந்து நான்தான். இன்னொரு ஜீப் ஓட்டும் சின்ராசு மாமாகூட அவர் வண்டிக்கு என்னைக் கூப்பிடுவார்.

8 ஜனவரி

அக்கா மூன்று படகுகளின் அளவு சொன்னாள். அடிப்பாகம் கெட்டியான ஃபைபர் உள்ளதை முதலிலேயே தள்ளிவிட்டேன். அதை மடிக்க முடியாது, இழுத்துப் போகத் தனி வண்டி வேண்டும். இவள் இருப்பதோ இரண்டாவது மாடி.

மிச்சம் இரண்டு. ஒன்பது அடி, முப்பத்திரண்டு கிலோ. பதினோரு அடி, நாற்பத்தெட்டு கிலோ. இரண்டையும் சுருட்டிப் பையில் போட்டுவிடலாம்.

அம்மா போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், அக்கா தந்த நம்பரில் படகுக் கடைக்காரரிடம் பேசினேன்.

“எங்கம்மா இருந்து பேசுறீங்க?”

“போடிநாயக்கனூர்.”

“போடியா? அங்க எப்பம்மா கடல் வந்துச்சு?”

சிரித்துக்கொண்டே இருந்தார். நான் கேட்டேன்: ஓரம் பசை போட்டு ஒட்டியதா, சூடு வைத்து இணைத்ததா? அப்பா டியூப்பில் ஒட்டுகிற பஞ்சர் ஒட்டு சித்திரை வெயிலில் உரிந்து வருவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். சிரிப்பு நின்றுவிட்டது. “பாப்பா, என்ன படிக்கிற?” என்றார். ஒன்பதாவது என்றதும், “இருபது வருசமா விக்கிறேன், இத யாரும் கேட்டதில்ல” என்றார். இரண்டுமே சூடு வைத்து இணைத்ததாம்.

அரை மணி நேரத்துக்கு வானத்தில் நடந்தேன்.

11 ஜனவரி, சனி

மொட்டை மாடியில் கோலப்பொடியால் சின்னப் படகை அதன் அளவுக்கே வரைந்தேன். வெளி அளவு பெரிது. ஆனால் சுற்றிலும் காற்றுக் குழாய் எடுத்துக்கொண்டது போக உள்ளே ஆறடி நீளம், இரண்டேகால் அடி அகலம்தான். ஒரு சிலிண்டர் பதினைந்து கிலோவாம். அதற்குப் பதில் ஆளுக்கொன்றாகத் தண்ணீர்க் குடம் மூன்றை வைத்தேன். என் கூடப் படிக்கும் ஒருத்தியையும் அவள் தங்கையையும் உட்காரவைத்து நானும் உட்கார்ந்தேன். அடங்கியது!

“இது என்னடி கோலம்?” என்று அம்மா கேட்டாள்.

“பள்ளிக்கூடத்துல பரப்பளவு கணக்கு குடுத்திருக்காங்கம்மா.”

பொய் சொல்லிவிட்டேன்.

படகில் நாலு பேர் என்று எழுதியிருக்கிறதாம். ஜீப்பில் எழுதியிருப்பது எட்டு, அப்பா ஏற்றுவது பதினாறு. நாலு என்று போட்டதில் மூன்று பேர் என்றால் கால் நீட்டிப் படுக்கலாமே. எடையையும் கூட்டிப் பார்த்துவிட்டேன். ஆள், சிலிண்டர், எஞ்சின், நங்கூரம், முதலுதவிப் பெட்டி எல்லாம் சேர்த்தும் படகு தாங்குவதில் முக்கால் பங்கு வரவில்லை.

12 ஜனவரி

சின்னது போதும் என்று சொல்லிவிட்டேன்.

14 ஜனவரி, பொங்கல்

அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. வரவில்லை. போனில், “எந்தங்கச்சி பாத்து எடுத்த படகுன்னு எல்லாத்துட்டயும் சொல்லிட்டேன்” என்றாள். வெள்ளிக்கிழமை காலையில் கடைக்குப் போய்ப் பணம் கட்டுகிறார்களாம்.

இரண்டு தடவை பொங்கல் வாங்கிச் சாப்பிட்டேன்.

17 ஜனவரி, வெள்ளி

எப்படி எழுதுவது.

விடுமுறை என்று அம்மா, தான் வேலை பார்க்கும் எஸ்டேட்டுக்கு என்னையும் கூட்டிப் போனாள். அப்பா ஜீப். வழக்கம்போலப் பதினாறு பேர். நான் அம்மா மடியில் பாதி, ராக்கு பெரியம்மா மடியில் பாதி. மலைப்பாதையின் பதினோராவது வளைவில் உள்ளே ஒடுங்கி உட்கார்ந்திருந்த ஈஸ்வரி அக்கா, “அண்ணே நிறுத்துங்க, வாந்தி வருது” என்றாள். அப்பா நிறுத்தினார். ஆனால் அவள் வெளியே வர வேண்டும் என்றால் ஆறு பேர் இறங்க வேண்டும். ஒருத்தருக்குக் கால் மரத்துவிட்டது, ஒருத்தர் பை மாட்டிக்கொண்டது. இறங்கி முடிப்பதற்குள்—

“அடி பாவி மகளே, எஞ்சோத்துப் பைதானா கெடச்சுச்சு ஒனக்கு!” என்று ராக்கு பெரியம்மா கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். ஈஸ்வரி அக்காவும் வாயைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோலத்துக்குள் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்துதானே இருந்தோம்? யாரும் எழுந்திருக்கவில்லை. சிலிண்டரை முதுகில் மாட்டவில்லை. முடியாமல் மேலே வந்த ஒருத்தியை இழுத்து உள்ளே போடவில்லை. போட்டால் எங்கே போடுவது? குடத்தின் மேலா?

ஜீப்புக் கணக்கைக் கொண்டுபோய்க் கடலில் வைத்துவிட்டேன். ஜீப்பில் ஏறுகிறவர்களுக்கு உட்காருவது மட்டும்தான் வேலை.

இன்று காலையில்தான் அக்கா பணம் கட்டப் போகிறாள்; அம்மா போனில் சார்ஜ் இல்லை. மலையுச்சியில் இருக்கும் போடிமெட்டைத் தாண்டினால் சிக்னலும் இருக்காது. போடிமெட்டில் டீக்கு நிறுத்தியபோது அப்பாவிடம் போனேன்.

“அப்பா, போனக் குடுங்க. அக்காட்டப் பேசணும்.”

“இப்ப என்ன அவசரம்? சாயந்தரம் வீட்ல போயிப் பேசு.”

“இப்பவே பேசணும்ப்பா.”

போனைக் கொடுத்தார்; தள்ளிப் போய்ப் பேசலாம் என்று நினைத்தேன். அவர் நகரவில்லை. டீ கிளாஸோடு பக்கத்திலேயே நின்றார். பேசாமல் விட்டுவிடலாமா? ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். சாமி சத்தியமா நினைச்சேன். அதுக்குள்ள அக்கா எடுத்துட்டா.

“அக்கா, பணம் கட்டிராத. நான் தப்பாச் சொல்லிட்டேன். சின்னப் படகு வேணாம். உக்கார எடம் இருக்கு, தண்ணிக்குள்ள இருந்து ஒருத்தர இழுத்துப் போட எடம் இல்ல. பெருசு வாங்கு. அதுல அஞ்சு பேர்னு எழுதியிருக்கும். எழுதிட்டுப் போறாங்க. நீங்க மூணு பேருக்கு மேல ஏறாதீங்க. நடுவுல ஆள் நீளத்துக்குச் சும்மா விடு.”

“நாப்பத்தெட்டு கிலோ பவா. ரெண்டு மாடி தூக்கணுமே.”

“மூணு பேரு இருக்கீங்கல்ல? தூக்குங்க.”

இப்படி அவளிடம் நான் பேசியதே இல்லை. பிறகு, “இது அப்பா போனுல்ல?” என்றாள்.

“ஆமா. பக்கத்துல நிக்கிறாரு.”

“சரி. பெருசே வாங்குறேன்” என்று வைத்துவிட்டாள்.

அப்பா கேட்டார், “தண்ணிக்குள்ள இருந்து யார இழுத்துப் போடணும்?”

சொன்னேன். எல்லாவற்றையும். அம்மா அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். “அடியாத்தி, நம்ம சுசித்ராவா? கடலுக்குள்ளயா?” என்றார் ராக்கு பெரியம்மா. அப்பா மிச்ச டீயைக் கீழே ஊற்றிவிட்டு வண்டியை எடுத்தார்.

18 ஜனவரி

அப்பா திட்டினால்கூடத் தேவலை.

26 ஜனவரி

அக்காவைக் கூட்டி வரப் போகவில்லை. ஆனால் அவள் போன் வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார். இன்று சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

“அந்தப் படகுல எத்தன பேருன்னு எழுதியிருக்கு?”

“அஞ்சுப்பா.”

“நீ எத்தன சொன்ன?”

“மூணு.”

“அவன் அஞ்சுன்னு எழுதியிருக்கையில நீ எப்பிடி மூணுன்னு சொல்லலாம்?”

“அவன் உக்காருறவங்கள எண்ணியிருக்கான்ப்பா.”

மோரை ஊற்றிக்கொண்டார். அவ்வளவுதான். தப்பாகப் பேசிவிட்டேனா?

16 பிப்ரவரி, ஞாயிறு

இன்றுதான் முதல் தடவை அந்தப் படகில் போனார்கள். அனுமதி எல்லாம் வாங்கியாகிவிட்டது. அப்பாவிடம் நானே சொன்னேன். ஒளிக்கத் தெம்பில்லை. அவர் ஜீப்பைக் கழுவினார். மத்தியானம் மறுபடியும் கழுவினார்.

மூன்று மணிக்கு அக்கா பேசினாள். “அப்பா இருக்காரா? ஸ்பீக்கர்ல போடு.”

அருள்மொழி அக்காவும் தேவியும் கீழே போயிருக்கிறார்கள். என் அக்கா படகில். மேலே வரும்போது தேவிக்குக் கெண்டைக்காலில் நரம்பு இழுத்துக்கொண்டது. காலை அசைக்கவே முடியவில்லையாம். தண்ணீரிலேயே சிலிண்டரைக் கழற்றிக் கயிற்றில் கட்டிவிட்டு, அருள்மொழி அக்கா கீழிருந்து தள்ள, என் அக்கா மேலிருந்து இழுத்து அவளை உள்ளே போட்டு, நீட்டிப் படுக்கவைத்து, காலை நீவிவிட்டிருக்கிறாள். “எடம் இருந்துச்சு பவா” என்றாள்.

அப்பா போன் பக்கம் குனிந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு:

“அந்தப் புள்ள கால் இப்ப எப்பிடி இருக்கு?”

“நடக்குறாப்பா. நல்லா இருக்கா.”

“ம். அடுத்து எப்ப போற?”

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போறப்ப சொல்லிட்டுப் போ. மேல வந்ததும் சொல்லு. வெரசாச் சொல்லணும், சாயந்தரம் வரைக்கும் போட்டுவைக்காத” என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

22 பிப்ரவரி, சனி

அக்கா அனுப்பிய போட்டோவை அப்பா தன் போனுக்கு மாற்றித் தரச் சொன்னார். சாம்பல் நிறப் படகு, கடல், மூன்று பேர். சாயந்தரம் அவருக்குச் சாப்பாடு கொண்டு போனேன். ஜீப் ஸ்டாண்டில் சின்ராசு மாமாவிடம் அதைக் காட்டிக்கொண்டிருந்தார். என்னை இருவரும் பார்க்கவில்லை.

“என்ன மாப்ளே, நடுவுல இம்புட்டு எடம் சும்மா கெடக்கு? இன்னும் ரெண்டு பேர ஏத்தலாம்ல?”

“அது ஆள் ஏத்துற எடம் இல்லடா. கீழ இருந்து முடியாம வர்றவளுக்கு விட்டது.”

“யாரு சொன்னா, கடைக்காரனா?”

“அவனுக்கென்ன தெரியும்? என் சின்ன மக சொன்னா. அவ தப்பையும் அவளேதான் கண்டுபிடிச்சா. நான் பக்கத்துலதான நின்னேன்.”

தூக்குவாளியோடு ஜீப்புக்குப் பின்னாலேயே நின்றேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஆறட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் முன்னால் போனேன்.