உனக்குத் தெரிந்திருக்கிறது, அம்மா

அம்மா,

என் ஆட்டிசம் மதிப்பீட்டு அறிக்கை இன்று வந்தது. ஒன்பது பக்கம். மூன்றாம் பக்கத்தில், ‘குழந்தைப் பருவத் தகவல் தந்தவர்: தாயின் தங்கை’ என்று அச்சாகியிருக்கிறது. அங்கே நீ இருந்திருக்க வேண்டும்.

நாற்பது வயதில் இது எதற்கு என்று கேட்பாய். அலுவலகத்தில் என் மேசையை இடம் மாற்றிவிட்டார்கள் என்று கழிவறைக்குள் நின்று அழுதேன். இப்படி அழுதது மூன்றாவது முறை. அதன் பிறகுதான் சேலத்தில் ஓர் உளவியலாளரிடம் போனேன். ரத்தம் எடுப்பார்கள், ஸ்கேன் எடுப்பார்கள் என்று பயந்திருந்தேன். எதுவும் இல்லை. இரண்டு நாள் வெறும் பேச்சுதான். சத்தம், துணி, சாப்பாடு, நட்பு எல்லாவற்றையும் பற்றி நிதானமாகக் கேட்டார். கடைசியில், “சின்ன வயசுல உங்களப் பாத்தவங்க யாராவது வரணுங்க. அம்மா இருக்காங்களா?” என்றார்.

“இல்லைங்க. போயி நாலு வருசம் ஆச்சு.”

பாப்பாரப்பட்டியிலிருந்து சித்தியை அழைத்துப் போனேன். எப்போது பேச ஆரம்பித்தேன் என்று உளவியலாளர் சித்தியிடம் கேட்டார்.

“மூணு வயசு தாண்டித்தாங்க. அதுவும் நாம சொன்னதையே திருப்பிச் சொல்லும். வூட்டுக்கு யாராவது வந்தா கட்டிலுக்கு அடியில பூந்துக்கும். அதான் அக்கா தர்மபுரி டாக்டருகிட்டத் தூக்கிட்டுப் போச்சு. பெங்களூரு மெண்டல் ஆஸ்பத்திரில காட்டுங்கன்னு அவரு சீட்டு எழுதிக் குடுத்தாருங்க. அக்கா பஸ் ஸ்டாண்டுலயே கிழிச்சுப் போட்டுருச்சு. ‘பைத்தியம்னு பேரு வந்தா இவள எவன் கட்டுவான், மூச்சு வுடாத’ன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிச்சு.”

உனக்குத் தெரிந்திருக்கிறது.

மாமா கல்யாணத்தில் ஒலிபெருக்கிச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? தொடையில் கிள்ளி, “சிரிடி, எல்லாரும் பாக்கறாங்க” என்றாய். சிரித்தேன். உறவுக்காரர்கள் முன்னால், “இவளுக்கு ஒடம்பெல்லாம் திமிரு” என்றாய். நீ சீட்டைக் கிழித்ததைக்கூட மன்னித்துவிடுவேன். அந்தக் காலத்தில் நீ என்ன செய்திருக்க முடியும்? ஆனால் அது திமிர் இல்லை என்று தெரிந்துகொண்டே சொன்னாயே, அதை எப்படி மன்னிப்பது? நானும் அதை நம்பினேன். என்னையே வெறுத்துக்கொண்டு வளர்ந்தேன்.

திரும்பும் பேருந்தில் சித்தி, “அக்காவத் திட்டாத கண்ணு. பயந்துடுச்சு” என்றாள்.

“அவங்க பயந்ததுக்கு நான் எதுக்கு சித்தி கிள்ளு வாங்கணும்?” என்று கத்தினேன். பேருந்தே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று இருந்தேன்.

இன்று அறிக்கையைப் படித்துக் காட்டியபோது, நீ அன்று சொன்னதையேதான் சித்தியும் சொன்னாள்: “யாருகிட்டயும் சொல்லாத. உன் மவளுக்கு நாளைக்கு வரன் பாக்கணும்.”

சாயங்காலமே மகளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப என் ஸ்கூல் விழாவுக்கெல்லாம் நீ வராதது, என்னப் புடிக்காம இல்லயாம்மா?”

“இல்லடி. அந்தச் சத்தம், கூட்டம். என்னால முடியல.”

“அத அப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?” என்றாள். அழுதாள்.

உன்னிடம் நான் கேட்க நினைத்ததும் அதைத்தான், அம்மா. இனி யாரிடம் போய்க் கேட்பேன்?