பூட்டினவர் உள்ளே இருக்கிறாரா

அக்டோபர் 6, 2025, திங்கள்

காலை ஆறு மணி ஷிப்டுக்குப் புதிய பேட்ச், நாற்பது பெண்கள். மெஷின் பக்கத்துத் திரையில் அவரவர் எண்ணைப் போட்டு நுழைந்தால்தான் மெஷின் ஓடும். நாற்பது பேருக்கும் 'இப்படி ஒருவர் இல்லை' என்று வந்தது. சூப்பர்வைசர் எல்லோரையும் திரும்பப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

நான் சேர்க்காமல் இல்லை. சனிக்கிழமையே சர்வரில், எல்லோருடைய பெயரும் எண்ணும் கடவுச்சொல்லும் இருக்கும் பயனர் கோப்பைத் திறந்து நாற்பது பெயரையும் தட்டினேன். அதே நேரத்தில் இரண்டாவது பிளான்ட்டில் விமல்ராஜும் அதைத் திறந்திருக்கிறான், வேலையை விட்டுப் போனவர்களை நீக்க. எனக்குப் பின்னால் அவன் சேமித்தான். அவன் கையில் இருந்தது என் நாற்பது பேர் இல்லாத பழைய நகல். அது என்னுடையதை அப்படியே விழுங்கிவிட்டது.

இதற்கென்று எங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. திறக்குமுன் போன் செய்து "தொறக்கறேன்" என்று சொல்ல வேண்டும். ஆறு வருடமாக அவ்வளவுதான் பாதுகாப்பு.

விமலைக் கேட்டேன். "பண்ணேன் மேடம். நாலு வாட்டி எங்கேஜ்டு. டீ குடிக்கப் போயிருப்பீங்கன்னு நெனச்சித் தொறந்துட்டேன்."

எங்கேஜ்டாக இருந்தால் எப்படி டீ குடிக்கப் போயிருப்பேன்?

பஸ்ஸில் ஏறுமுன் கனகம் என்று ஒரு பெண், சேரப்பணஞ்சேரிக்காரி, என்னிடம் வந்து நின்றாள். "மேடம், என்னிய வேலைக்கு எடுத்தாங்களா இல்லியா? வூட்ல இன்னான்னு சொல்றது?"

நாளைக்கு வா என்றேன்.

அக்டோபர் 7

நாற்பது பெயரையும் நேற்றே மறுபடி சேர்த்தேன்; கனகம் உள்ளே போனாள். ஏகாம்பரநாதன் சார் கூப்பிட்டார். எங்கள் ஐ.டி. பிரிவுக்கு அவர்தான் மேனேஜர். குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பயனர்களைச் சேர்க்கும், நீக்கும் வேலை முழுவதையும் வெளி நிறுவனத்திடம் கொடுக்கப் போகிறாராம். "உங்களுக்கு ஸ்டோர்ஸ்ல ஒரு சீட் பாக்கறேன் சத்யப்பிரியா."

ஸ்டோர்ஸில் நட்டும் போல்ட்டும் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்று நினைத்தேன். ஆனால் வாய் வேறு ஏதோ சொன்னது: "அதுக்கு ஒரு புரோகிராம் நானே எழுதறேன் சார்."

"நீங்களா?"

"நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவதான் சார்."

"எப்ப?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார். பிறகு, "நவம்பர் மூணு அடுத்த பேட்ச். எரநூத்திப் பன்னண்டு பேர். அன்னிக்கி ஒருத்தர் திரும்பிப் போனாலும் பேச்சு முடிஞ்சிது."

இருபத்தேழு நாள். கடைசியாக நாலு வரி புரோகிராம் எழுதியது கல்யாணத்துக்கு முன்னால். எனக்கு நாற்பத்து மூன்று. பயப்பட வேண்டும். சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கும் வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு வரும்போது மனசுக்குள் புரோகிராமுக்கு அடைப்புக்குறி போட்டுக்கொண்டே வந்தேன் — பயமே இல்லையே, ஏன்?

அக்டோபர் 9

புரோகிராம் ஒரு பெயரைச் சேர்த்தது! ஒரே ஒரு பெயர். என் பெயர்.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று கண்டுபிடித்தேன். எனக்கு முன்னால் உலகமே கண்டுபிடித்ததுதான், ஆனாலும் என் கையால் செய்யும்போது புதிது.

அசல் கோப்பைத் தொடவே கூடாது. அதன் பக்கத்திலேயே ஒரு நகல் எடுத்து, அதில் மாற்றி, டிஸ்கில் முழுக்க எழுதியாயிற்றா என்று பார்த்து, ஒவ்வொரு வரியையும் சரிபார்த்து, எல்லாம் ஒழுங்காக இருந்தால் மட்டும் அசலின் பெயரை நகலுக்குச் சூட்ட வேண்டும். அந்தப் பெயர் மாற்றம் ஒரே அசைவு. படிக்கிறவருக்குப் பழையது கிடைக்கும், இல்லை புதியது கிடைக்கும். பாதி கிடைக்கவே கிடைக்காது.

நம்பவில்லை. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் போட்டு, எழுதிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கினேன். முப்பது முறை. முப்பது முறையும் கோப்பு முழுசாக இருந்தது. விமல் கதவருகில் நின்று பார்த்தான். "மேடம், அந்தக் கம்ப்யூட்டர் உங்களுக்கு இன்னா பாவம் பண்ணிச்சு?"

அக்டோபர் 17

அடுத்தது பூட்டு. யார் எழுதப் போனாலும் முதலில் பூட்டு என்று ஒரு சின்னக் கோப்பை உண்டாக்க வேண்டும். அது ஏற்கனவே இருந்தால் காத்திருக்க வேண்டும். பூட்டியவனின் நிரல் நடுவில் செத்துவிட்டால்? பூட்டு அப்படியே கிடக்கும், யாருமே நுழைய முடியாது. அதனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் கிடக்கும் பூட்டை உடைத்துவிடு என்று எழுதினேன். முடிந்தது. முடிந்தேவிட்டது!

அக்டோபர் 20, தீபாவளி

"எண்ணெ பொகையுது, எங்க பாத்துக்கினு கீற?" என்று வீட்டுக்காரர் கத்தும்வரை எனக்குத் தெரியவில்லை. ஏழு அதிரசம் கரி.

அக்டோபர் 23, வியாழன்

போச்சு.

சோதனை சர்வரில் விமல் பெரிய பட்டியல் ஒன்றை ஓட்டினான். அந்த மெஷின் மந்தம், ஏழு நிமிடம் இழுத்தது. ஐந்தாவது நிமிடத்தில் என் நிரல் அவன் பூட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. அவன் உயிரோடுதான் எழுதிக்கொண்டிருந்தான். நான் சேர்த்த ஆறு பெயர் காலி. அதே தப்பு. போனுக்குப் பதில் புரோகிராம், வேற இன்னா வித்தியாசம்?

ஐந்தைப் பத்தாக்கலாமா? பத்தை இருபதாக்கலாமா? எத்தனை போட்டாலும் என்றாவது ஒரு நாள் அதைவிட ஒரு நிமிடம் அதிகம் ஆகத்தானே செய்யும்?

ஸ்டோர்ஸ் ஆள் கேன்டீனில், "எங்க பக்கம் வரீங்களாமே மேடம்?" என்றார். சோற்றை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 24

பிரெஸ் மெஷின் பக்கம் போயிருந்தேன், திரை ஒன்று பழுது. மெயின்டனன்ஸ் முத்துச்செல்வி மெஷினுக்குள் இறங்கப் போகிறாள். அதற்குமுன், வேறு யாரும் மெஷினை ஓட்டிவிடாதபடி சுவிட்சில் தன் பூட்டைப் போட வேண்டும். அங்கே ஏற்கனவே ஒரு பூட்டு, முந்தின ஷிப்ட் ஆளுடையது. அதில் கட்டியிருந்த சீட்டில் அவன் பெயர், படம், போன் நம்பர்.

"வூட்டுக்குப் போய்ட்டான் போல, சோம்பேறி" என்றாள்.

"அப்போ வெட்டிடலாமே? ஷிப்ட் முடிஞ்சி ரெண்டு மணி நேரம் ஆச்சே."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நேரம் ஆச்சின்னு வெட்டுவாங்களா? உள்ள ஆள் கீறானான்னு பாக்க வாணாம்?" போனை எடுத்தாள். "டேய், எங்க கீற? …படப்பையா? பூட்டு இங்க தொங்குது, சாவி உன் பாக்கெட்லயா? நல்லா வருவடா நீ." பிறகும் குனிந்து மெஷினுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். சூப்பர்வைசரைப் பக்கத்தில் நிற்கவைத்துத்தான் வெட்டினாள்.

நேரம் இல்லை. ஆள். கேட்க வேண்டியது ஆளைத்தான்!

"இன்னா மேடம் ஓடற? திரை?" என்று கத்தினாள். நாளைக்கு என்றேன்.

பூட்டுக் கோப்புக்குள், பூட்டிய நிரலுக்கு ஓடும்போது சர்வர் தரும் எண்ணை எழுதினேன். நாங்கள் இருவரும் ஒரே சர்வருக்குள்தான் நுழைகிறோம், அந்த எண் உயிரோடு இருக்கிறதா என்று சர்வரையே கேட்கலாம். செத்துப்போன நிரலின் எண் வேறொன்றுக்குப் போயிருந்தால்? சீட்டில் படம் ஒட்டுகிறார்களே, அதுபோல நிரல் பிறந்த நேரத்தையும் சேர்த்தேன். உயிரோடு இருந்தால் ஒரு நாள் ஆனாலும் காத்திரு. இல்லாவிட்டால் மட்டும் உடை.

அக்டோபர் 27

வல்லக்கோட்டையில் சூரசம்ஹாரம், ரோடு முழுக்கக் கூட்டம், ஒரு மணி நேரம் தாமதம். ஆட்டோவிலேயே இரண்டு தவறு கண்டுபிடித்தேன்.

நவம்பர் 3, திங்கள்

விமலும் நானும் வேண்டுமென்றே ஒரே நேரத்தில் ஓட்டினோம், விடியற்காலை நான்கரைக்கு. அவன் நூறு, நான் நூற்றுப் பன்னிரண்டு. சார் பின்னால் நின்றார். நான் காத்திருக்கிறேன், அவன் எழுதுகிறான். திடீரென்று போனில் விமல்: "மேடம், கனெக்ஷன் புட்டுக்கிச்சு!"

பூட்டு தொங்குகிறது. சார் மணியைப் பார்த்தார். "அதை அழிச்சிடுங்களேன்."

"இருங்க சார், உள்ள ஆள் இருக்கான்னு புரோகிராம் கேக்குது."

கேட்டது. அங்கே யாரும் இல்லை. பூட்டு விழுந்தது, என் நூற்றுப் பன்னிரண்டும் உள்ளே போயின. விமல் மறுபடி நுழைந்து முதலிலிருந்து ஓட்டினான். அவனுடைய அரைகுறை நகல் எதையும் கெடுத்திருக்கவில்லை.

ஆறு மணி. லைனில் நின்று பார்த்தேன். பச்சை, பச்சை, பச்சை. இருநூற்றுப் பன்னிரண்டும் எண்ணினேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அவர்களுக்கு என்ன தெரியும்?

நவம்பர் 12, புதன்

என் நிரலைச் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஓட்டை. ஒவ்வொரு முறையும் மாற்றுமுன், கடவுச்சொற்கள் உள்ள பழைய பயனர் கோப்பின் நகல் ஒன்றை ஒதுக்கி வைக்கிறேன், அதை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம் என்று விட்டிருக்கிறேன். ஒன்பது நாளாக. யாரும் கவனிக்கவில்லை. சொல்லாமலே திருத்திவிடலாம்.

போய்ச் சொன்னேன். என்ன தவறு, யார் தவறு, எத்தனை நாள், எல்லாம்.

ஏகாம்பரநாதன் சார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எப்ப சரியாகும்?"

"அரை மணி நேரம் சார்."

"சரி. அப்பிடியே மூணாவது பிளான்ட்டுக்கும் போட்டுடுங்க."

இருபது நிமிடத்தில் முடித்தேன்.